பியானோவின் உடைந்த ஸ்பிரிங்குகளை மாற்றுவது: வன்னியிலிருந்து ஓர் ஆர்மோனியக்காரரின் வழிகாட்டி

பியானோக் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருத்தப் போன முதல் பியானோவில் இல்லாத அந்த ஸ்பிரிங்கைத் தேடியே அரை நாளைத் தொலைத்தேன்.

நான் ஆர்மோனியம் திருத்துகிறவன். கிளிநொச்சியிலும் அயலிலும் உள்ள கோயில் பஜனைக்காரர், கூத்துக்காரர், தேவாலயப் பாடகர் குழுவினர் என்று எல்லோருடைய ஆர்மோனியங்களும் என் வாங்குக்கு வந்து போகும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை எழும்பவில்லை என்றால் காரணம் அநேகமாக அதன் கம்பி ஸ்பிரிங்தான். மேல்பலகையைக் கழற்றினால் உடைந்தது கண் முன்னால் கிடக்கும். அந்தப் பழக்கத்தில், முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு தேவாலயத்திலிருந்து, "அண்ணை, எங்கள் பியானோவில் நடுவில் நாலைந்து கட்டைகள் சத்தம் போடவில்லை" என்று கூப்பிட்டபோது, அதே கருவிப்பையோடு போய் இறங்கிவிட்டேன். கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு ஊசியும் ஒரு வட்டக் கம்பளித் துண்டும் மட்டுமே இருந்தன.

பியானோக் கட்டை ஊஞ்சற்பலகை போன்றது. நடுவில் ஓர் ஊசியில் நிற்கும். பின்முனையில் ஏறி இருக்கும் பொறியின் பாரம் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஆகவே கட்டை தாழ்ந்தபடியே நின்றால் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள். ஊசித் துளையின் கம்பளி ஈரத்தில் ஊதியிருக்கும், அல்லது இரண்டு கட்டைகளுக்கு நடுவே பென்சில் முனையோ எலி கொண்டுவந்த விதையோ சிக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் இருப்பது அதற்கு மேலே, கட்டைக்கும் தந்திக்கும் இடையில் நிற்கும் மரப்பொறியில். அதைத்தான் தொழிலில் ஆக்‌ஷன் என்கிறார்கள்.

இந்த வழிகாட்டி நிமிர்ந்து நிற்கும் பியானோவுக்கு உரியது. வன்னியில் நான் கண்டவை எல்லாம் அந்த வகைதான்; படுக்கைப் பியானோவின் பொறி வேறு.

ஓர் அடிக்குள் நடப்பது

ஸ்பிரிங்கின் வேலை விளங்காமல் ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. ஆகவே ஒரு கட்டையை மிக மெதுவாக அழுத்திக்கொண்டு உள்ளே பாருங்கள். மேல்மூடியைத் திறந்து டோர்ச் அடித்தாலே போதும்.

கட்டையின் பின்முனை எழும்பும்போது அதன் மேல் உள்ள விப்பன் என்ற மரத்துண்டு எழும்புகிறது. விப்பனின் மேல் 'ட' எழுத்தைப் போன்ற ஒரு சிறு துண்டு கீல் போட்டு நிற்கும். அதுதான் ஜாக். 'ட'வின் நெட்டுக்கோடு சுத்தியலின் அடிப்பாகத்தை உந்துகிறது. அந்த அடிப்பாகத்துக்குப் பட் என்று பெயர். சுத்தியல் தந்தியை நெருங்கி, இன்னும் 3 மில்லிமீற்றர் அளவு இருக்கும்போது, 'ட'வின் கிடைக்கோடு மேலே உள்ள ஒரு பொத்தானில் முட்டுகிறது. முட்டியதும் ஜாக் உங்கள் பக்கமாகச் சாய்ந்து பட்டை விட்டு விலகிவிடுகிறது. மீதித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் தானே பறந்து போய் அடிக்கிறது. இந்த விலகல் இல்லாவிட்டால் சுத்தியல் தந்தியிலேயே அழுந்தி நிற்கும், சத்தம் செத்துப்போகும். 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்ததன் உயிர்நாடி இதுதான்.

இனி ஸ்பிரிங்குகளுக்கு வருவோம். மூன்று வகை உண்டு.

விலகிய ஜாக்கை மறுபடி பட்டின் கீழே தள்ளுவது ஜாக் ஸ்பிரிங். சின்னச் சுருள், 'ட'வின் கிடைக்கோட்டுக்கு அடியில் இருக்கும். அடித்த சுத்தியலைத் தந்தியிலிருந்து பின்னுக்குத் தள்ளுவது சுத்தியல் ஸ்பிரிங். மெல்லிய நீண்ட கம்பி அது. கட்டையை விட்டதும் தந்தியின் அதிர்வை அடக்கும் கம்பளித் துண்டான டாம்பரைத் தந்தியோடு அழுத்திப் பிடிப்பது டாம்பர் ஸ்பிரிங். கட்டைகள் 88, ஜாக் ஸ்பிரிங்கும் 88, சுத்தியல் ஸ்பிரிங்கும் 88. டாம்பர் மட்டும் குறைவு. வலக்கோடியான மேல்முனையில் ஏறக்குறைய 20 சுரங்களுக்கு டாம்பரே கிடையாது, அவற்றின் ஒலி தானாகவே சீக்கிரம் அடங்கிவிடும். "கடைசிக் கட்டைகளில் டாம்பர் காணாமல் போய்விட்டது" என்று ஒருவர் என்னிடம் முறையிட்டிருக்கிறார். எதுவும் காணாமல் போகவில்லை.

எது உடைந்தது?

நோயைக் குறியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ஒரு சுரம் முதல் தடவை ஒலித்து, உடனே மறுபடி தட்டினால் கட்டை வெறுமையாக, பாரமில்லாமல் உள்ளே போகிறதா? ஜாக் திரும்பி வரவில்லை. ஜாக் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கட்டையை விட்ட பிறகும் ஒலி நின்று இழுபடுகிறதா? டாம்பர் ஸ்பிரிங்.

சுத்தியல் ஸ்பிரிங்தான் ஏமாற்றுக்காரன். அது உடைந்தாலும் சுத்தியல் தன் பாரத்தாலும், விப்பனோடு அதை இணைக்கும் நாடாவின் இழுப்பாலும் எப்படியோ திரும்பி வந்துவிடும். ஆறுதலான ஞாயிறு ஆராதனைப் பாட்டுகளுக்கு ஆண்டுக்கணக்கில் குறை தெரியாது. மார்கழியில் நத்தார்ப் பாடல்களை வேகமாக வாசிக்கத் தொடங்கியதும்தான் சுத்தியல் பின்தங்கும், சுரங்கள் விழுங்கப்படும். எனக்கு வரும் பியானோ அழைப்புகள் பெரும்பாலும் மார்கழி முதல் வாரத்தில் வருவதன் இரகசியம் இதுதான். வாசிக்கிற பிள்ளையின் விரலில் பிழை என்று அதுவரை எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சோதனை எளிது. சந்தேகப்படும் சுத்தியலை விரலால் தந்தி வரை தள்ளி விடுங்கள். பிறகு பக்கத்துச் சுத்தியலையும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே பாடப்புத்தகம் பக்கத்துச் சுரம்தான். வளைவு எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, நூல்வளையம் எவ்வளவு நீளம், எல்லாவற்றுக்கும் விடை இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கிறது.

மழை செய்த பிழையா?

ஐப்பசி தொடங்கித் தை வரை, வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் காலத்தில், மந்தமான சுத்தியல்களில் பாதிக்கு ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். ஆக்‌ஷனின் ஒவ்வொரு மூட்டிலும் ஒன்றேகால் மில்லிமீற்றர் பருமனான ஒரு உலோக ஊசி, கம்பளி உறையிட்ட துளைக்குள் சுழல்கிறது. கம்பளி ஈரத்தைக் குடித்து ஊதினால் ஊசி இறுகும். ஸ்பிரிங் பாவம், தன் முழுப் பலத்தோடு தள்ளினாலும் சுத்தியல் சோம்பலாகத்தான் திரும்பும். இந்த நிலையில் ஸ்பிரிங்கை வளைத்துப் பலப்படுத்தினால் கோடையில் அந்தக் கட்டை கல்லாகக் கனக்கும்.

ஆகவே சந்தேகச் சுத்தியலைக் கழற்றி, அதன் மூட்டுத் துண்டை விரலில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இந்தத் துண்டுக்கு ஃபிளேஞ்ச் என்று பெயர். ஸ்பிரிங்கைக் கொளுவியிருந்தால் விடுவித்துவிட்டு ஆட்ட வேண்டும். மூன்று நான்கு தடவையாவது ஆடித்தான் நிற்க வேண்டும். ஒரு தடவையிலேயே நின்றால் மூட்டுத்தான் இறுகியிருக்கிறது. எண்ணெய் கலவாத சுத்தமான ஸ்பிரிட் நான்கு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, ஊசி முனையால் மூட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு துளி விடுங்கள். கம்பளி நனைந்து, உலரும்போது சுருங்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

எண்ணெய் மட்டும் வேண்டாம். ஒரு பாடசாலைப் பியானோவில் யாரோ நல்ல மனதோடு முப்பது மூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். முதல் இரண்டு வாரம் அது பறந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் பார்த்தபோது கம்பளி பிசுபிசுத்து, ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்து, தூசி அப்பி, முப்பது மூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து ஊசியும் கம்பளியும் மாற்றவேண்டி வந்தது. ஸ்பிரிங் வேலை அதன் பிறகு வெறும் ஒரு மணித்தியாலம்.

தேவையானவை

நீண்ட அலகுள்ள திருப்புளி ஒன்று, திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்துவது. அகலம் குறைந்ததைப் போட்டால் நூறு வயதுத் திருகாணியின் தலை சிதைந்துவிடும். நகைத்தொழிலாளர் பாவிக்கும் நீண்ட சாவணம் ஒன்று. நுனி மெல்லிய குறடு ஒன்று. ஸ்பிரிங் கொளுவவும் வளைக்கவும் ஒரு கொளுக்கி. சைக்கிள் சில்லின் கம்பியை வெட்டி, ஒரு நுனியைக் கொளுக்கியாக வளைத்து, மறுநுனியில் சிறு பிளவு அறுத்து நானே செய்துகொண்டேன். தச்சரின் வெள்ளைப் பசை. பென்சில். டோர்ச். திருகாணிகளைப் போட நான்கைந்து சிரட்டைகள். உருண்டோடாத தட்டு எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போடாதவர்கள் ஏதாவது ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், கொளுவிய ஸ்பிரிங் நழுவினால் கண்ணைத்தான் தேடும்.

ஸ்பிரிங்குகள் வன்னியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கொழும்பில் பியானோத் தொழில் செய்பவர்களிடம் கேட்கலாம், அல்லது இங்கே பலரும் செய்வதுபோல வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கலாம். ஸ்பிரிங் இலேசானது, கடித உறையிலேயே வந்துவிடும். மாதிரி அனுப்பும்போது ஒரு கவனம்: உடைந்ததையோ தேய்ந்ததையோ அளவெடுக்காதீர்கள். மேல்முனையில் எவரும் தொடாத கட்டையின் ஸ்பிரிங்கைக் கழற்றி அளவெடுங்கள், அது அநேகமாகத் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கும். டாம்பர் ஸ்பிரிங்குக்கு இது பொருந்தாது. இடப்பக்கத்துத் தாழ்ந்த சுரங்களான பாஸின் கனத்த டாம்பருக்குத் தடித்த கம்பி, மேலே போகப் போக மெல்லிய கம்பி. அங்கே அதே பகுதியில் உள்ள பக்கத்துச் சுரம்தான் மாதிரி.

பொஸ்பர் வெண்கலக் கம்பியில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். செம்பில் வெள்ளீயமும் சிறிது பொஸ்பரசும் சேர்ந்த அந்தக் கலப்பு துருப்பிடிக்காது, நெடுங்காலம் விறைப்பை இழக்காது. பழைய பித்தளை ஸ்பிரிங் காலப்போக்கில் சோர்ந்துவிடும். இரும்பு கரையோரக் காற்றில் எத்தனை நாள் நிற்கும் என்று முல்லைத்தீவில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள்.

ஆக்‌ஷனை வெளியே எடுத்தல்

ஒன்றிரண்டு ஜாக் ஸ்பிரிங்குகளுக்காக ஆக்‌ஷனைக் கழற்றத் தேவையில்லை. டாம்பர் வேலைக்கும், பத்துக்கு மேற்பட்ட ஸ்பிரிங்குகளுக்கும் வெளியே எடுப்பதுதான் சுகம்.

முதலில் அது வைக்கத் தாங்கி வேண்டும். ஆக்‌ஷன் தானாக நிற்காது. படுக்க வைத்தால் சுத்தியல்களோ டாம்பர்களோ நசியும். முதிரைச் சட்டம் இரண்டை எடுத்து, ஆக்‌ஷனின் இரும்புக் கால்கள் இறங்கி நிற்கப் பள்ளம் வெட்டி, மேசையோடு இறுக்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கி, கழற்றிய ஆக்‌ஷனைக் கையில் ஏந்தியபடி "எங்கே வைப்பது" என்று சுற்றிப் பார்த்த நிலை எனக்கு நேர்ந்திருக்கிறது.

மேல்மூடியைத் திறங்கள். முன்பலகை உள்ளே இரண்டு கொக்கிகளில் நிற்கும், திருப்பினால் கழன்றுவிடும். கட்டைகளை மூடும் பலகையையும் எடுத்துவிடுங்கள். நடுப் பெடலுக்கு ஒலி குறைக்கும் துணி இருந்தால் அதன் சட்டத்தையும் கழற்றுங்கள். இப்போது ஆக்‌ஷனின் இரும்புத் தாங்கிகள் மூன்றோ நான்கோ தெரியும். அவற்றின் தலையில் கையால் திருகும் குமிழ்கள். சுத்தியல்களுக்கு இடது கோடியிலிருந்து 1 முதல் 88 வரை பென்சிலால் எண்ணிட்டுவிட்டு, குமிழ்களைக் கழற்றுங்கள். தாங்கிகளின் மேல்முனையைப் பிடித்து மெல்ல உங்கள் பக்கம் சாய்த்து, நேராக மேலே தூக்குங்கள். சுத்தியல்கள் சாய்ந்திருக்கும் மரச்சட்டத்தில் ஒருபோதும் கைவைத்துத் தூக்கக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் பாஸ் பக்கம், ஒருவர் மேல் பக்கம். சாய்க்கும்போது எதுவாவது தடுத்தால் நிறுத்துங்கள். அநேகமாக ஒரு பெடல் கோல் சிக்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேல்பலகையைத் திறந்ததும் சுத்தியல்களுக்கு முன்னால் பறவைக் கூண்டுக் கம்பிகள்போல வரிசையாகக் கம்பிகள் நின்று, டாம்பர்கள் சுத்தியல்களுக்கு மேலே இருந்தால், அது பழைய ஆங்கிலேயக் கூண்டு வகை. மூடிவிடுங்கள். அதைக் குலைத்துத் திரும்பக் கட்டுவது முதற்பாடம் அல்ல.

ஜாக் ஸ்பிரிங்

மூன்றிலும் எளிது இதுதான். அதனால்தான் இதில் ஆள்கள் கைவைத்துக் கெடுத்திருப்பதையும் அதிகம் காண்கிறேன்.

ஸ்பிரிங்கின் அடிமுனை விப்பனில் குடைந்த வட்டக் குழிக்குள் பசையிட்டு நிற்கும். மேல்முனை ஜாக்கின் அடியில் உள்ள சிறு பள்ளத்தில் சும்மா பொருந்தியிருக்கும், அங்கே பசை இல்லை. நம் காலநிலையில் பழைய விலங்குப் பசை இளகிவிடுவதால் பல ஸ்பிரிங்குகள் உடையாமலே கழன்று விழுகின்றன. புதிது வாங்கும் முன் கட்டைகளின் இடுக்குகளிலும் அடிப்பலகையிலும் டோர்ச் அடித்துத் தேடுங்கள். தேவாலயப் பியானோவில் எனக்கு நான்கில் மூன்று அப்படித்தான் கிடைத்தன.

அந்தச் சுத்தியலின் நாடாவை விப்பன் கம்பியிலிருந்து கழற்றுங்கள். ஃபிளேஞ்சின் திருகாணியைத் தளர்த்திச் சுத்தியலை மேலே உருவி எடுங்கள். தடையாக நின்ற பட் போய்விட்டதால் இப்போது ஜாக் பின்னால் நன்றாகச் சாயும். சாய்த்தால் கிடைக்கோடு எழும்பி, அடியில் இடம் திறக்கும். குழிக்குள் கிடக்கும் பழைய பசையை ஊசியால் சுரண்டி எடுங்கள். கடுகளவு வெள்ளைப் பசையைத் தீக்குச்சி முனையால் குழிக்குள் வையுங்கள். அதிகம் வேண்டாம், சுருளின் இரண்டாம் சுற்றுக்குப் பசை ஏறினால் ஸ்பிரிங் பாதி செத்ததற்குச் சமம். சாவணத்தால் ஸ்பிரிங்கை நடுவில் அமுக்கிப் பிடித்து, அடிமுனையைக் குழிக்குள் இறக்கி, மேல்முனையைப் பள்ளத்துக்கு நேரே கொண்டுவந்து விடுங்கள். 'டிக்' என்று உட்காரும். ஜாக்கை விரலால் நாலு தடவை சாய்த்துப் பாருங்கள். ஸ்பிரிங் வில்லாக வளையாமல் நேராக அமுங்க வேண்டும். பசை காயும்வரை அந்தக் கட்டையைத் தொடாதீர்கள், ஓர் இரவு போதும்.

பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போடலாமா என்று கேட்பார்கள். போட்டதைப் பார்த்திருக்கிறேன். அது இந்த இடத்துக்கு மிக விறைப்பானது. கட்டையை மெதுவாக அழுத்தினால், ஜாக் விலகும் இடத்தில் ஒரு கல்லின் மேல் சில்லு ஏறி இறங்குவது போன்ற தட்டு விரலுக்குத் தெரியும். மென்மையாக வாசிக்க முடியாது. போதாததற்கு இரும்பு, துருவும் பிடிக்கும்.

புதிய ஸ்பிரிங் வரும்வரை அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஜாக் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 88க்கும் ஒரே அளவு. 88ஆம் கட்டையின் ஸ்பிரிங்கை எடுத்து நடுவில் போட்டுவிடுங்கள். பாட்டுக்கு அந்தக் கடைசிச் சுரத்தை எவரும் தேடப் போவதில்லை. எடுத்த இடத்தை மட்டும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

சுத்தியல் ஸ்பிரிங்

இங்கே இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவதில் ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரு நீண்ட மரச்சட்டத்தில் வரிசையாகக் குத்தி நின்று, பின்னாலிருந்து ஒவ்வொரு பட்டையும் உங்கள் பக்கம் தள்ளும். உடைந்ததன் அடித்துண்டைக் குறடால் உருவி, புதியதன் வாலை அதே துளையில் இறுக்கிக் குத்தினால் முடிந்தது. துளை தளர்ந்திருந்தால் மெல்லிய மரச்சிலும்பு ஒன்றைப் பசையோடு சேர்த்துக் குத்துங்கள். சுத்தியலைத் திரும்பப் போடும்போது ஸ்பிரிங் பட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் நழுவி நின்றால் சுத்தியலைக் கோணலாகத் தள்ளி, அடுத்த தந்தியில் உரசச் செய்யும்.

இரண்டாவது அமைப்பு பாரிஸ் நகரத்து ஷ்வாண்டர் தொழிற்சாலையின் பெயரால் அறியப்படுவது. பின்னாளைய ஜப்பானியப் பியானோக்களில் காண்பதும் இதுதான். இதில் ஸ்பிரிங் பட்டோடு சேர்ந்தே இருக்கும். அதன் நீண்ட கை, ஃபிளேஞ்சில் ஒட்டிய ஒரு சிறு நூல்வளையத்தில் கொளுவியிருக்கும். இங்கே ஸ்பிரிங் உடைவது அரிது. அறுவது நூல். முற்காலத்தில் பட்டு நூல், இப்போது செயற்கை இழை. 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட சில ஜப்பானியப் பியானோக்களில் இந்த நூல் வெளியே முழுதாகத் தெரியும், கொளுக்கியால் தொட்டால் பொடியாக உதிரும். ஒன்று அப்படி உதிர்ந்தால் மற்ற 87ம் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றத் தீர்மானியுங்கள். ஒவ்வொன்றாக ஒவ்வொரு நத்தாருக்கும் போய்க்கொண்டிருப்பது எவருக்கும் நன்மையில்லை.

சுத்தியலைக் கழற்றி மடியில் ஒரு துவாயை விரித்து வையுங்கள். நூல் மிஞ்சியிருந்தால் ஸ்பிரிங்கின் கையைக் கொளுக்கியால் விடுவியுங்கள். ஃபிளேஞ்சில் நூல் பதிந்த பள்ளத்தைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். பழைய பசைத் துகள் இருந்தால் புதிய நூல் மேடாக நின்று அடுத்த பாகத்தில் உரசும். இடம் போதாவிட்டால் மைய ஊசியைத் தள்ளி ஃபிளேஞ்சைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பப் போடும்போது ஊசி பட்டின் மரத்தில் இறுக்கமாகவும் ஃபிளேஞ்சின் கம்பளியில் இலகுவாகவும் இருக்க வேண்டும். மரத்தில் தளர்ந்தால் ஒரு அளவு பருத்த ஊசி போடுங்கள்.

வளையத்தின் நீளம்தான் இந்த வேலையின் முழுச் சூட்சுமமும். நீண்டால் ஸ்பிரிங் தளரும், குறுகினால் சுத்தியல் கனக்கும். 88 வளையங்களைக் கண்ணளவில் போட்டால் 88 விதமாக வரும். நான் செய்வது இது: நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய வளையத்துக்குள் எந்தத் துளைபோடும் அலகின் தண்டு சரியாக நுழைகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறேன். புதிய நூலை அந்தத் தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, இரு முனைகளையும் பள்ளத்தில் வெள்ளைப் பசையோடு படியவைத்து, பசை பிடிக்கும்வரை ஒரு துணிக் கவ்வியால் கவ்விவிடுகிறேன். காய்ந்ததும் தண்டை உருவினால் வளையங்கள் எல்லாம் ஒரே அளவு. உடனே ஒட்டும் பசையைப் பாவிக்காதீர்கள். அது நூல் வழியே ஊறி ஏறி வளையத்தைக் கம்பியாக விறைக்கச் செய்யும், விறைத்த நூல் மறுபடி முறியும்.

காய்ந்த பின் ஸ்பிரிங்கை வளையத்தில் கொளுவி, சுத்தியலைப் பூட்டி, நாடாவை மாட்டி, பக்கத்துச் சுத்தியலோடு தள்ளிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் கையை நீளவாக்கில் மென்மையான வளைவாகத் தடவி வளையுங்கள். சுருள் இருக்கும் இடத்தில் கைவைத்து வளைத்தால் அங்கேயே களைத்து, அங்கேயே உடையும்.

டாம்பர் ஸ்பிரிங்

மூன்றிலும் பொறுமை வேண்டுவது. டாம்பரின் ஃபிளேஞ்ச் நடுச்சட்டத்தின் தந்திப் பக்கத்தில் பூட்டியிருந்தால் ஆக்‌ஷனை வெளியே எடுத்துப் பின்னாலிருந்து கழற்ற வேண்டும். சில பியானோக்களில் சுத்தியலைக் கழற்றினால் மேலிருந்தே திருகாணியை எட்டலாம். டாம்பரின் கம்பளியில் விரல் படாமல், கம்பியையும் வளைக்காமல் எடுங்கள். அந்தக் கம்பி நூலிழை வளைந்தாலும் டாம்பர் தந்தியில் சரியாக அமராது, அதைச் சீர்ப்படுத்தவே இன்னொரு பொழுது போகும்.

ஸ்பிரிங்கின் சுருள், ஃபிளேஞ்சின் பிளவுக்குள் ஒரு நூலில் கோத்து நிற்கும். எந்தக் கை எந்தப் பக்கம் என்று முதலில் ஒரு படம் எடுங்கள் அல்லது வரைந்துகொள்ளுங்கள். நூலை அலகால் அறுத்து, துளையில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் தள்ளி எடுங்கள். புதிய நூலின் நுனியைப் பசையில் தோய்த்து, முறுக்கி, காயவிட்டு, சாய்வாக வெட்டினால் ஊசிபோல நிற்கும். ஃபிளேஞ்சின் ஒரு பக்கத்துத் துளை வழியாக விட்டு, சுருளுக்குள் நுழைத்து, மறுபக்கம் இழுங்கள். நூல் துளையை இறுக்கமாக நிரப்ப வேண்டும். இரு பக்கமும் கடுகளவு பசை, மிஞ்சியதை மட்டமாக வெட்டுங்கள். நீண்ட கை, டாம்பரைத் தாங்கும் மரத்துண்டான டாம்பர் நெம்பின் கம்பளி ஒட்டிய பள்ளத்தில் போய் உட்கார வேண்டும்.

பலத்தை இங்கே கூட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், ஒலி நன்றாக அடங்கட்டும் என்று. கட்டையை அழுத்தும்போது, சுத்தியல் ஏறக்குறையப் பாதித் தூரம் போனதும், விப்பனின் பின்னால் உள்ள ஒரு உலோகக் கரண்டி டாம்பர் நெம்பைத் தள்ளி டாம்பரைத் தூக்குகிறது. ஸ்பிரிங் அதிகம் பலமானால் கட்டை பாதி வழியில் திடீரென்று கனக்கும். ஆகவே ஒலி அடங்கும் அளவுக்கு, பக்கத்துச் சுரத்தின் அளவுக்கு, அவ்வளவுதான்.

திரும்பப் பூட்டிய பின்

ஆக்‌ஷனை இறக்கும்போது ஒவ்வொரு விப்பனும் தன் கட்டையின் மேல் அமர்கிறதா என்று கோடி முதல் கோடி வரை பாருங்கள். குமிழ்களை இறுக்குங்கள். வலது பெடலை அழுத்தினால் டாம்பர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், விட்டால் ஒன்றாக விழ வேண்டும். பிறகு மாற்றிய ஒவ்வொரு சுரத்தையும் மூன்று விதமாகச் சோதியுங்கள்: மிக மெதுவாக அழுத்தி ஜாக் விலகுவதை விரலில் உணருங்கள், இரண்டு கை விரல்களால் மாறி மாறி எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டுங்கள், கடைசியாக ஒருமுறை பலமாக அடித்துச் சட்டென்று விட்டு, ஒலி இழுபடுகிறதா என்று கேளுங்கள்.

எந்த எண்ணில் எந்த ஸ்பிரிங், எந்தத் திகதி என்று முன்பலகையின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு மூடுங்கள். கோடையில் செய்த வேலையானால், முதல் மாரி மழை விட்ட கிழமையில் ஒருமுறை போய் அந்த எண்களை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். தேவாலயத்தின் அந்த நான்கு கட்டைகளும் நிற்கின்றன. 88ஆம் கட்டையின் ஜாக் ஸ்பிரிங் மட்டும் இன்னும் கடன்தான்.